ஜெயராணி திருத்தித் தந்த மருந்துப் பட்டியல்

அபிராவின் அழைப்பு வந்தபோது நான் ஒரு மருத்துவமனை நடைபாதையில், முழங்கால் சத்திரசிகிச்சைக்கு வந்திருந்த ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் வேலையில் பாதி இப்படிக் காத்திருப்பதுதான்.

"மாமா, ஜெயராணி அன்ரி போயிட்டா. காலமை வேலைக்கு வெளிக்கிடேக்க விழுந்திட்டாவாம். மூளையில ரத்தக் கசிவு. கொண்டுபோய்ச் சேர்த்ததும் முடிஞ்சுதாம்."

நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். உள்ளே போய் அரை மணி நேரம் அந்த அம்மாவின் முழங்காலைப் பற்றி இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். வெளியே வந்து ட்ராம் தரிப்பில் நின்றபோதுதான் செய்தி எனக்குள் இறங்கியது. முதலில் வந்தது அழுகையல்ல. நல்ல காலம், அவரிடம் சொல்லிவிட்டேன் என்ற நிம்மதிதான் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஜெயராணியை அறிந்த உங்களுக்கு முன்னால் வேறொன்றைச் சொன்னால் அது அவருக்குப் பிடித்திருக்காது.

மன்னாரிலிருந்து வந்தவர் ஜெயராணி. சுவிஸில், லுசேர்ண் நகரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் காலைச் சாப்பாடு முழுவதும் அவருடைய பொறுப்பு. அங்கே வரவேற்பு மேசையில் கழித்துவிட்ட மடிக்கணினி ஒன்றை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். புதிய விண்டோஸ் அதில் ஏறாது, குப்பைக்குத்தான் சரி என்று எல்லோரும் சொன்னார்கள். "ஏறாததை ஏன் ஏத்துவான்? ஏறுறதை ஏத்துவம்" என்று சொல்லி லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டார். மேல்மூடி வெடித்த அந்த மடிக்கணினியைக் கடைசிவரை மாற்றவில்லை.

கணினியில் தமிழ் எழுதும் எல்லோருக்கும் அவருடைய தொலைபேசி எண் எப்படியோ தெரிந்திருந்தது. இன்டர்லாக்கனில் உணவகம் நடத்தும் ஒருவர், ஞாயிறு விருந்துக்குச் சாப்பாட்டுப் பட்டியல் தட்டிக்கொண்டிருந்தபோது பதறிப்போய் அவருக்கு அழைப்பு எடுத்தார். எழுதும் செயலியின் மேல்பட்டை முழுவதும் காணாமல் போய்விட்டதாம். சேமிக்கவும் வழியில்லை, தேடவும் வழியில்லை. அப்போது நான் ஜெயராணிக்குப் பக்கத்தில் இருந்தேன். "என்ன மெஷின்? என்ன பதிப்பு? கடைசியா எதை அமத்தினனீங்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "மவுசை நல்லா மேல கொண்டுபோங்கோ, இன்னும் மேல" என்றார். அந்தப் பக்கம் ஒரு கூச்சல். முழுத்திரையில் பட்டை ஒளிந்திருந்திருக்கிறது, அவ்வளவுதான். தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம், "இல்லை எண்டு சொல்ல முதல் எங்கெங்க தேடினது எண்டு சொல்லவேணும் அண்ணை. அரைவாசிப் பேர் தேடாமலே இல்லை எண்டுறது" என்று சிரித்தார். அந்த அரைவாசிப் பேரில் நானும் ஒருவன் என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

ஜெயராணி, அபிரா, நான் மூன்று பேரும் சேர்ந்து செய்த வேலையை உங்களில் பலர் கையில் வைத்திருப்பீர்கள். மருந்துப் பெட்டியில் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், எழுதியிருக்கும் வசனங்களுக்குத் தமிழ் தரும் சிறு கைநூல். தனியாக இருக்கும் முதியவர்கள் மருந்தைப் பிழையாக எடுக்கக் கூடாது என்பதற்காகத் தொடங்கியது. இங்கேயே பிறந்து வளர்ந்து மருந்தகத்தில் வேலை செய்யும் அபிரா டொச் வசனங்களைத் திரட்டினாள். நான் தமிழாக்கினேன். ஜெயராணி சரிபார்த்து அச்சுக்கு ஒழுங்கு செய்தார். அபிராவிடம் விண்டோஸ், என்னிடம் மாக், அவரிடம் லினக்ஸ். மூன்று பேரும் ஒரே பெயருள்ள எழுதும் செயலியைத்தான் பயன்படுத்தினோம்.

முதியவர்கள் முதலில் தமிழைத்தான் பார்ப்பார்கள், அதனால் தமிழ் இடப்பக்கம் வரட்டும் என்று ஒரு கட்டத்தில் முடிவெடுத்தோம். அபிராவின் கணினியில் தமிழ் வரிசையை மட்டும் மேலிருந்து கீழே நெடுக்காகத் தெரிவு செய்து அப்படியே தூக்கி வைக்கலாம். என்னுடையதில் அந்த வசதியைக் காணவில்லை. மாக்கில் அது இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். இருந்தும் அபிராவிடம் கொடுக்க மனம் வரவில்லை. தமிழ் என்னுடைய பொறுப்பு அல்லவா? சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருந்து ஒவ்வொரு வரியாக வெட்டி ஒட்டினேன். முடித்து ஜெயராணிக்கு அனுப்பினேன்.

ஷ்லீரனில் நாங்கள் வழக்கமாகக் கூடும் மண்டபத்துக்கு அபிரா மாதிரிப் பிரதியோடு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "மாமா, 'சாப்பாட்டுக்கு முன்' எண்ட இடத்தில 'சாப்பாட்டுக்குப் பின்' எண்டு கிடக்கு. அதுக்குக் கீழ எல்லாமே ஒரு வரி மாறிக் கிடக்கு. இது இப்பிடியே வெளியில போயிருந்தா?" உதவிக்கு வந்த ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான்தான் முதலில் பேசினேன்.

"இது ஜெயராணியின்ர பழைய மெஷின்ர வேலை. லினக்சில தமிழ் ஒழுங்கா வராது எண்டு நான் முதலே சொன்னனான். குப்பைக்குப் போறதை வச்சுக்கொண்டு மருந்து விஷயத்தில விளையாடக் கூடாது."

ஜெயராணி என்னை ஒருமுறை பார்த்தார். "நான் பாத்திட்டுச் சொல்லுறன் அண்ணை" என்றார். கணினியைப் பையில் வைத்து, மேற்சட்டையை மாட்டிக்கொண்டு, ரெயினுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

மூன்று கிழமை கழித்து, தன்னுடைய வேலை முடியும் நேரத்துக்கு லுசேர்ண் ஸ்டேஷனுக்கு என் கணினியோடு வரச் சொன்னார். கோப்பிக் கடையில் எதிரே உட்கார்ந்து, அந்தப் பிழையைப் பற்றி ஒன்றும் கதைக்காமல், "உங்கட செயலியில என்ன வசதி இல்லை எண்டனீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன். பதிப்பு விவரம் காட்டும் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அப்படி ஒரு பக்கம் இருப்பதே எனக்குத் தெரியாது. நீளமான பட்டியல் ஒன்று விரிந்தது.

"இருக்கிற வசதிக்கு முன்னால கூட்டல், இல்லாததுக்கு முன்னால கழித்தல். நெடுக்காத் தெரிவு செய்யிறதுக்கு முன்னால என்ன கிடக்கு?"

"கழித்தல்."

"மாக்கில இல்லாமலில்லை அண்ணை. நீங்கள் எங்கயோ இருந்து இறக்கினது சின்னப் பதிப்பு. பேர் ஒண்டுதான், உள்ளுக்குச் சாமான் குறைவு. அது தன்னட்டை என்ன இல்லையெண்டு ஒளிக்காமச் சொல்லுது. நாங்கள்தான் கேக்கேல்ல."

பத்து நிமிடத்தில் முழுப் பதிப்பை ஏற்றித் தந்தார். அந்தக் கழித்தல் கூட்டலாகியது. நான் இரண்டு நாள் முதுகொடியச் செய்ததை ஒரே இழுப்பில் செய்து காட்டினார். பிறகு தன் மடிக்கணினியைத் திறந்து, நான் அவருக்கு அனுப்பிய கோப்பை, அனுப்பியபடியே, என் பக்கம் திருப்பினார். நாற்பத்தேழாவது வரிக்குரிய தமிழைக் காணவில்லை. ஒட்டும்போது ஒரு வரியை விட்டிருக்கிறேன். அங்கிருந்து எல்லாம் ஒவ்வொன்றாக மேலே ஏறிவிட்டது. பிழை அவருடைய கணினிக்குள் போகுமுன்பே நடந்துவிட்டது.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"அண்டைக்கு எனக்குத் தெரியாதே. தெரியாமல் எப்பிடிச் சொல்லுறது? நானும் சரிபாக்கேக்க இந்த வரியை விட்டிட்டன்தான், அது என்ர பிழை. ஆனா தெரியாமல் சொன்னது நீங்கள்."

தன் கோப்பிக்கான காசை வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த கூட்டத்துக்கு இரண்டு கிழமை இருந்தது. பட்டியல் சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னால் போதும். யாரும் துருவிக் கேட்கப் போவதில்லை. ஜெயராணி எவரிடமும் மூச்சு விடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் காரணம் கண்டுபிடித்தேன். வயது, மரியாதை, சின்னப் பிள்ளை அபிராவுக்கு முன்னால் தலைகுனிவதா என்பது வரை எல்லாம் யோசித்தேன். கூட்டத்தன்று மண்டபத்தின் வாசலில் நின்று திரும்பிப் போகவும் பார்த்தேன்.

கடைசியில் எழுந்து நின்று சொன்னேன். "போன முறை நான் ஜெயராணியில பழி போட்டனான். பிழை என்னுடையது. அவவின்ர மெஷினில ஒரு குறையுமில்லை. எல்லாருக்கும் முன்னால சொன்னதுக்கு எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறன்."

ஜெயராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம் அண்ணை, காணும், இனி விடுங்கோ. இருங்கோ. மிச்ச வரியளைப் பாப்பம்" என்றார். பார்த்தோம். அன்று மாலைக்குள் முழுப் பட்டியலையும் மூன்று பேரும் மாறி மாறி வாசித்து முடித்தோம். அதன் பிறகு ஒன்றரை வருடம் சேர்ந்து வேலை செய்தோம். அந்தச் சம்பவத்தை அவர் ஒருமுறை, பகிடிக்குக்கூட, எடுத்ததில்லை.

லுசேர்ணில் அடக்கத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது அவருடைய கணவர் அன்ரன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, ஒண்டு சொல்லவேணும். நீங்கள் பேசின அண்டைக்கு அவ ஷ்லீரனில இருந்து இஞ்ச வரைக்கும் ரெயினில அழுதுகொண்டு வந்தவ. பிறகு நீங்கள் மன்னிப்புக் கேட்ட அண்டைக்கு வீட்டுக்கு வந்து, 'அண்ணை எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டார்' எண்டு மூண்டு தரம் சொன்னவ. அண்டைக்குத்தான் நிம்மதியா நித்திரை கொண்டவ."

ஜெயராணி அழுததை அதுவரை நான் அறியவில்லை. அறிந்தபோது அது ஆறியும் இருந்தது. எத்தனை பேருக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைக்கும்?

போன கிழமை ஒரு வயோதிபருக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சொன்ன நாட்களின் எண்ணிக்கையைப் பிழையாகச் சொல்லிவிட்டேன். டாக்டர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார், கிழவரும் தலையாட்டிவிட்டார். நான் கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினேன். டொச்சில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை, "பிழை என்னுடையது" என்று சொல்லிச் சரியான எண்ணைச் சொன்னேன். டாக்டர் நன்றி சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். கிழவர், "அதுக்கென்ன தம்பி" என்றார். முன்பு அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்குப் பல கிழமை எடுத்தது. இப்போது ஒரு மூச்சு போதும். ஜெயராணியிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.