கருகிய பிரேக்

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேயர் அவசரகாலம் அறிவித்திருந்தபோது மலாக்காவில் கார் பட்டறை வைத்திருந்தேன். டாக்சி ஓட்டும் மாணிக்கம் அண்ணன் தன் புதுக் காருக்குப் பெரிய என்ஜின் கேட்டு வந்தார். எஸ்டேட் சாலையில் ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுக்காரர்கள் சுடுகிறார்களாம், பறந்துவிட வேண்டுமாம். நொறுங்கிப்போன பெரிய கார் ஒன்றின் என்ஜினை எடுத்து மாட்டினேன்.

"பிரேக் தாங்குமா தம்பி?"

"தாங்கும்லா அண்ணே, நீங்க ஓட்டுங்க!" என்றேன். பிரேக்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு திமிர் எனக்கு.

மறுவாரம் ராணுவம் சாலையை மறித்துக் கைகாட்டியது. கார் நிற்காமல் தடுப்பை இடித்துக்கொண்டு போனது. சுட்டுவிட்டார்கள். அண்ணன் அங்கேயே இறந்தார்.

காரைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் லைனிங் பெரிய என்ஜினின் வேகத்தைத் தாங்காமல் கருகிக் கிடந்தது. மனுஷன் கடைசிவரை மிதித்திருக்கிறார்.

"வண்டியில கோளாறு இருக்கா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப கம்யூனிஸ்டுக்காரன் ஆளுதான்" என்று எழுதிக்கொண்டார்.

அண்ணன் மனைவியை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவரிடம் அக்கம்பக்கத்தில் ஒருவரும் பேசவில்லை. ஒருநாள் பட்டறைக்கு வந்து கேட்டார்: "அவரு நிறுத்தத்தான் பார்த்திருப்பாரு, இல்ல தம்பி?"

நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பெரிய என்ஜின் போடலாமா என்று இன்றும் கேட்கிறார்கள். முதலில் பிரேக்கை மாற்றுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அண்ணன் பிரேக்கை மிதித்ததை அண்ணியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.