வீங்கிய முழங்காலும் கலியாணப் பேச்சும்

இன்று பாரிஸின் லா சப்பலில், வசந்தியின் மரக்கறிக் கடையில் ஒரு பழைய நண்பரைக் கண்டேன். கிளிநொச்சியில் இருக்கும் அவருடைய தங்கை மகனுக்கு ஹீமோபிலியா. இரத்தம் லேசில் உறையாத பரம்பரை நோய்.

"பொடியன் எப்பிடி?" என்று கேட்டேன்.

"முழங்கால் திரும்ப வீங்கிப்போச்சு மாஸ்டர். ஐஸ் வைக்கினம்."

"ஐஸோ? வெளிநாட்டு உதவியிலை ஆஸ்பத்திரிக்கு ஊசிமருந்து சும்மா வருதெண்டு நீர்தானே சொன்னனீர்?"

"ஓம். ஆனா பேர் பதியவேணும். பதிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிடும். தமக்கைக்காரிக்குக் கலியாணம் பேசுறம் எல்லே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சைக்கிள் டியூப் ஓட்டையாகிவிட்டது, ஒட்டுகிற துண்டும் கையில் இருக்கிறது. அயலவன் பார்ப்பான் என்று ஒட்டாமல் உருட்டிக்கொண்டு போவீர்களா? உள்ளே கசியும் இரத்தத்தால் மூட்டு பழுதாகி, பிள்ளை நடக்கவே முடியாமல் போகும்!

கல்லாவில் இருந்த வசந்தி நிமிர்ந்து நண்பரைப் பார்த்தார்.

"அண்ணை, என்ரை மகனுக்கும் உதுதான். இஞ்சை வீட்டிலையே ஊசி போடுறம். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லித்தான் மகளைக் கட்டிக்குடுத்தனாங்கள். கலியாணத்துக்கு நீங்களும் வந்து ரெண்டு தரம் பாயசம் வாங்கிக் குடிச்சனீங்கள்."

நண்பர், "தங்கச்சியோடை கதைச்சுப் பாக்கிறன்" என்று, வாங்கின முருங்கைக்காயையும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

"இதை நான் எழுதப்போறன்" என்றேன்.

"என்ரை பேரையும் போடுங்கோ மாஸ்டர்" என்றார் வசந்தி. போட்டிருக்கிறேன்.

நண்பரின் பெயரைப் போடவில்லை. தங்கையோடு கதைத்தாரா என்று கேட்க நாளைக்கு அவருக்குப் போன் எடுப்பேன். மருந்தை விட்டு மானத்தைக் காக்கிற வீடு உங்களுக்கும் ஒன்று தெரிந்திருக்குமே. அந்த வீட்டுக்கு யார் போன் எடுப்பது?