நல்லா இருக்கேன் என்கிற வியாதி

என் கணவரிடம் யார் எப்போது சுகம் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். காய்ச்சலில் சுருண்டு கிடக்கும்போது கேட்டாலும் அதே பதில்தான். சிங்கப்பூரில் பிறந்து, சின்ன வயதில் பெற்றோருடன் லண்டன் வந்து, பள்ளிக்கூடம் முடிந்த கையோடு பிரிட்டிஷ் இராணுவத்தில் சமையற்காரராகச் சேர்ந்தவர். வீட்டுப் பழக்கம் பாதி, பட்டாளப் பழக்கம் பாதி. அவர் வாயிலிருந்து ஒரு முறைப்பாட்டை வரவழைப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. நானோ யாழ்ப்பாணத்துக்காரி. எனக்குத் தலையிடித்தால் பக்கத்துத் தெருவுக்கும் தெரிந்துவிடும்.

அவர் வளைகுடாப் போருக்குப் போனபோது எங்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பாலைவனத்தில் இலையான் தொல்லை, எங்கும் ஈ மொய்க்கும் என்பதால் சமையல் கூடாரத்துக்குள் காலையும் மாலையும் பூச்சிமருந்து அடிப்பார்களாம். அடித்தவர் இவர்தான். முகமூடி இருந்தது, ஆனால் அது விஷவாயு வந்தால் போடுவதற்கு. இலையானுக்கு யார் முகமூடி போடுவார்கள்? எதிரி வீசக்கூடிய விஷத்துக்குப் பயந்து மாத்திரையும் விழுங்கியிருக்கிறார்கள். இவர் இருந்த பக்கம் விஷம் எதுவும் வரவில்லை. எண்ணெய்க் கிணறுகள் எரிந்த புகைதான் வந்தது.

திரும்பி வந்த சில வருஷங்களில் கைகால் மரத்துப்போகத் தொடங்கியது. பிறகு களைப்பு, அதற்குப் பிறகு மறதி. காரணம் இதுதான் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. சிலர் மன உளைச்சல் என்றார்கள். எங்கள் சொந்தக்காரர்களில் சிலர் சோம்பல் என்றார்கள். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போரால் வந்த நோய் என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டால் பென்ஷன் கிடைக்கும், அந்த நோய்க்கான சிகிச்சையில் முன்னுரிமையும் கிடைக்கும். அதெல்லாம் தேவைதான். ஆனால் இந்த மனுஷன் சோம்பேறி இல்லை என்று பொறுப்பான இடத்திலிருந்து ஒருவர் சொல்லவேண்டும் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், கேட்டால் சொல்லமாட்டார்.

மனுப் போட்டோம். அவரைப் பரிசோதிக்க ஒரு டாக்டர் கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்கே வருவார் என்றார்கள். வருகிறவர் தமிழ்நாட்டுக்காரர் என்று பெயரிலிருந்து தெரிந்ததும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. முகம் மழித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, விடியவே அடுப்படியில் நின்று, உள்ளே கிழங்கும் கறியும் வைத்துப் பொரிக்கிற சிங்கப்பூர்க் கறி பஃப் செய்யத் தொடங்கிவிட்டார்.

"இஞ்சருங்கோ, அவர் விருந்துக்கு வரேல்லை. உங்களுக்கு என்ன ஏலாது எண்டு பாக்க வாறார்" என்றேன்.

"நம்ம ஆளும்மா. வீடு தேடி வர்றவருக்கு வெறும் டீயா குடுக்கிறது? அசிங்கமா இருக்கும்."

டாக்டர் நல்ல பிள்ளை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, "எப்படி சார் இருக்கீங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்கேன் சார், உட்காருங்க" என்றார் இவர். தேநீர்த் தட்டையும் தானே தூக்கிக்கொண்டு வந்தார். தட்டு ஆடாமல் இருக்க அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும், டாக்டருக்கு எப்படித் தெரியும்? நான் வாயைத் திறக்கப் போனேன். இவர் ஒரு பார்வை பார்த்தார். அடங்கிவிட்டேன்.

"பிரமாதம் சார், கடையே வைக்கலாம் நீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். கதவைச் சாத்திய கையோடு இவர் படுக்கையில் விழுந்தவர்தான். அந்த வாரம் முழுக்க எழும்பவில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நேர்த்தியாக உடுத்தியிருந்தார், கை நடுங்கவில்லை, விருந்தாளிக்குத் தானே சமைக்கிறார் என்று டாக்டர் அறிக்கை கொடுத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"எங்கட கறி பஃப்பைத் திண்டிட்டு இப்பிடி எழுதியிருக்கிறாரே!"

"அவரு பார்த்ததத்தானே எழுதியிருக்காரு. பொய்யா எழுதச் சொல்றியா?"

அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது.

மேன்முறையீடு செய்ய, முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் முன்வந்தார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர். இப்படி எத்தனையோ பேருடன் நீதிமன்றப் படி ஏறியவர். "உங்கள் நல்ல நாளைப் பற்றிச் சொல்லாதீர்கள், ஆக மோசமான நாளைச் சொல்லுங்கள்" என்று படித்துப் படித்துச் சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை.

விசாரணை மத்திய லண்டனில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நீதிபதி, ஒரு டாக்டர், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர். அதிகாரியைக் கண்டதும் இவருடைய முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. நீதிபதி எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். மிகவும் நலம், நன்றி ஐயா என்று ஆங்கிலத்தில் விறைப்பாகச் சொன்னார் இவர். எங்களுக்கு உதவ வந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மனைவி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று நீதிபதி கேட்டார். இந்த முறை நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தான் நான்தான் பூட்டிவிடுகிறேன் என்றேன். குளியலறையில் விழுந்த நாளிலிருந்து குளிக்க வார்ப்பதும் நான்தான் என்றேன். அடுப்பைப் பற்றவைத்தது மறந்துபோய் வீடு புகையால் நிறைந்ததைச் சொன்னேன். கறி பஃப் கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பக்கத்தில் அவர் மேசையைப் பார்த்தபடி இருந்தார். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அவருடைய உடுப்பை நானே களைவதுபோல் இருந்தது. அழுகை முட்டியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

இதெல்லாம் சரியா என்று நீதிபதி அவரிடம் கேட்டார்.

பெண்டாட்டி கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள் என்று சிரித்து மழுப்பப் போகிறார் என்றே நினைத்தேன்.

"அவள் சொன்னது சரி" என்றார். "அவளுக்குத் தெரியாததும் இருக்கிறது."

பிறகு மெதுவாகச் சொன்னார். கடைக்கென்று போகிற நாட்களில் சில சமயம் வீட்டுக்கு எப்படிப் போவதென்று தெரியாமல் போய்விடுமாம். யாரிடமும் கேட்கமாட்டாராம். ஸ்டேஷன் வாசலில் போய் நின்றுகொள்வாராம். எங்கள் தெரு முகம் ஏதாவது ரயிலிலிருந்து இறங்கி வரும்வரை நின்று, அவர்களுக்குப் பின்னாலேயே நடந்து வந்து சேர்வாராம். லைப்ரரியில் பேப்பர் வாசித்தேன் என்று என்னிடம் சொல்லிவிடுவாராம். நானும் அதை நம்பியிருந்தேன்.

இராணுவ அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பக்கத்திலிருந்த டாக்டர் பூச்சிமருந்து அடித்த கதையை ஆதியோடந்தம் கேட்டார். என்ன மருந்து, எவ்வளவு காலம், கூடாரத்துக்குக் காற்றோட்டம் இருந்ததா என்றெல்லாம் கேட்டார். இவர் மழுப்பாமல் பதில் சொன்னார். எங்களை வெளியே இருத்திவிட்டு, பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். இந்த நோய் போர்ப்பணியால் வந்தது என்று ஏற்றுக்கொள்கிறோம் என்றார் நீதிபதி. எங்களோடு வந்த பெரியவர் இவருடைய கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார்.

திரும்பும் ரயிலில் இவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சபையில் மானத்தை வாங்கிவிட்டேன் என்ற கோபம் என்று நினைத்து நானும் பேசாமல் இருந்தேன். குட்மேய்ஸில் இறங்கி வெளியே வந்தோம். நாலெட்டு நடந்தவர் நின்று, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் வரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எந்தப் பக்கம்மா போகணும்?" என்றார்.

எத்தனையோ வருஷக் குடித்தனத்தில் அவர் வாய் திறந்து என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான். நீதிமன்றத்தில் அடக்கி வைத்திருந்த அழுகை அந்தத் தெருவில் வைத்து வந்துவிட்டது. "இடது பக்கம்" என்று சொல்லி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.