கொல்லைக் காவேரி

எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. அதில் என் கணவர் மீன் வளர்க்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் "மனசை அலட்டிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பியதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது. காலையில் எழுந்ததும் அவர் "சாப்பிட்டியா?" என்று கேட்பது மீன்களைத்தான். நான் சாப்பிட்டேனா என்பது என் ஏப்பத்திலிருந்து தெரிந்தால் உண்டு.

முதலில் வாங்கிய மீன்கள், மாடித் தொட்டியைக் கழுவ வந்தவர் இதிலும் அள்ளிப் போட்ட பிளீச்சிங் பவுடரால் ஒரே மத்தியானத்தில் மிதந்துவிட்டன. அதன்பின் இவர் வெகுநாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். மீன் போனால் உறையூரில் கடை இருக்கிறது. இவர் போனால் எந்தக் கடையில் வாங்குவது? அந்தப் பயம் எனக்கு இன்னும் விடவில்லை.

மறுபடி மீன் வந்தபோது வீட்டில் சட்டமும் வந்தது. எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் துரு நிறம், மீனுக்கு ஆகாது. கார்ப்பரேஷன் தண்ணீரில் மருந்து வாடை. அதை எவர்சில்வர் அண்டாவில் பிடித்து, வாடை போகும்வரை வெயிலில் வைத்துத்தான் தொட்டிக்கு விடவேண்டும். அந்த அண்டாவை நான் தொடக் கூடாது. என் அம்மா எனக்குச் சீர் கொடுத்த அண்டா அது.

அந்த வருஷ ஆடிப்பெருக்கன்று காவிரி கரை தொட்டு ஓடியதால் படித்துறைக்குத் தடுப்பு போட்டுவிட்டார்கள். தண்ணீரே இல்லாத ஆடியில் படித்துறையில் ஷவர் வைத்து, அதன் கீழே நின்று குளித்த ஊர் இது. தண்ணீர் அதிகமானால் மட்டும் சும்மா இருக்குமா? தெருப் பெண்கள் தாம்பாளங்களோடு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"மாமி, உங்காத்துத் தொட்டியில தண்ணி ஓடறதே! ஓடற ஜலம்னா காவேரிதானே?"

ஓடுவது உண்மைதான். மீனுக்குக் காற்று வேண்டுமென்று சின்ன மோட்டார் போட்டிருந்தார். தட்டுகளில் மஞ்சள், குங்குமம், பூ, காதோலை கருகமணி. சுமங்கலிகள் வாசலில் நிற்கும்போது போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் கணவர் மோட்டாரைத் தொட்டியிலிருந்து எடுத்து அண்டாவுக்குள் வைத்தார். சுவிட்சைப் போட்டார்.

"இதான் காவேரி. அது வெறும் தொட்டி."

மஞ்சளும் குங்குமமும் அண்டாவுக்குள் போயின. அவர் தொட்டிக்குத் துவாரபாலகராக நின்றுகொண்டார்.

அவர் நின்றது ஒரு பக்கம். அடுத்த வீட்டு மாமி வந்தது மறுபக்கம். ஒரு கரண்டி புளியோதரையைத் தொட்டிக்குள் தட்டிவிட்டு, "மச்சாவதாரமாச்சே! நாமெல்லாம் சாப்பிட்டுட்டு அவரைப் பட்டினி போடலாமோ?" என்றார்.

மாமி புளியோதரைக்கு நல்லெண்ணெய் விடுவதில் கஞ்சத்தனம் பார்க்கமாட்டார் என்று தெருவே புகழும். அந்தப் புகழ் தண்ணீரின்மேல் பரவியது. மோட்டாரும் இல்லை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவர் அண்டாவிடம் ஓடினார். வாடை போன தண்ணீர் வீட்டில் அது ஒன்றுதான். அதுவும் இப்போது சிவப்பு.

"முடிஞ்சுது" என்று படியில் உட்கார்ந்தார். பார்வை சுவருக்குப் போய்விட்டது.

"மருந்து வாடையில்லாத ஜலம் வேணும்!" என்று கத்தினேன். "யாராத்துல இருக்கு? பக்தியெல்லாம் அப்புறம் பண்ணிக்கலாம்!"

அடுத்த வீட்டு மாமி முட்டிவலியோடு விடுவிடுவென்று வெளியே போனார். திரும்பும்போது இடுப்பில் ஒரு குடம்.

"காவேரியிலேர்ந்து முன்னாடியே கொண்டுவந்து தெளிய வச்சது. திருவாராதனத்துக்கு."

"அப்போ பெருமாளுக்கு?" என்றேன்.

"அவருக்குத்தானேடி ஊத்தறேன்."

எங்கள் தெருவில் பூஜை அறைக்கு ஒரு குடம் காவிரி உண்டு. இது எனக்கும் தெரியும், என் கணவருக்கும் தெரியும். மீனுக்கு ஆகும் என்று மட்டும் தோன்றவில்லை. குடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பேரன் குளிக்கும் டப்பில் ஊற்றினோம். சல்லடையால் மீன்களை அள்ளி விட்டோம். மோட்டாரைக் கழுவி அதில் போட்டார். ஒரு சிவப்பு மீன் மட்டும் வெகுநேரம் ஒருக்களித்துக் கிடந்தது. பிறகு அதுவும் நிமிர்ந்து அடியில் போய் நின்றது.

பெண்கள் காலிக் குடங்களோடு போனார்கள். அவர் டப் அருகிலேயே குந்தியிருந்தார். சாயங்காலம் வரை மீனுக்குத் தீனி கிடையாது என்று அவரே சொல்லியிருந்தார்.

"சாப்பிட்டியா?" என்றார், தண்ணீரைப் பார்த்தபடியே.

கேட்பது யாரை என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இன்னும் இல்ல" என்றேன்.