பாரிஸ் பெஞ்சில் ஒரு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி

என் வீட்டுக்காரர் பெலிக்ஸ் இன்றைக்கும், "நீ பெஞ்சிலேயே தூங்கிட்ட, கனா கண்டிருக்க" என்றுதான் சொல்கிறார். நான் தூங்கவில்லை. இது நடந்தது. இந்த மே மாதம், பாரிஸில், பட்டப்பகலில்.

ராஜபாளையத்தில் நைட்டி தைக்கும் கம்பெனி வைத்திருக்கிறோம். எங்கேயும் போகாத எங்களை மகள்தான் வற்புறுத்தி ஐரோப்பா டூருக்கு அனுப்பினாள். ஐந்தாம் நாள் அந்தப் பெரிய ஓவிய மியூசியம். ஹால் முடிந்தால் இன்னொரு ஹால், படி முடிந்தால் இன்னொரு படி. காலையிலிருந்து நடந்ததில் கால் இரண்டும் வீங்கிவிட்டன. மதியத்துக்கு மேல் எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஒரே படமாகத்தான் தெரிந்தது.

"எனக்கு ஏலலைங்க. நீங்க பாத்துட்டு வாங்க" என்றேன். அவர் டூர்க் கூட்டத்தோடு போய்விட்டார். ஆள் குறைவான ஒரு ஹாலின் நடுவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மணி 2.20.

"காலு கடுக்கோ?"

தமிழ்! பக்கத்தில் ஓர் அம்மாள். அறுபது வயதிருக்கும். பச்சைச் சுங்குடிச் சேலை, மேலே ஆம்பளை ஸ்வெட்டர். எப்போது வந்து உட்கார்ந்தார், தெரியாது. நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஆமாக்கா. நீங்க எந்த ஊரு?"

"ஸ்ரீவில்லிபுத்தூரு. மடவார் வளாகம். பேரு முத்தாத்தாள். நீ?"

"ராஜபாளையம். ஜெயசித்ரா."

"கூட வந்தவிய, செத்த நேரம் இருன்னுட்டுப் போனாவ... இன்னும் காணும்."

பேசிக்கொண்டிருந்தோம். அவர் கண்ணை இமைக்கவே இல்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. மூச்சு வாங்குகிற குரல்... ஆனால் நெஞ்சு ஏறி இறங்கவில்லை.

வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் இருந்த அதே இடத்தில். அவர் மேலேயே...

உட்கார்ந்த வேகத்தில் விருட்டென்று எழுந்தார். கைகளைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டார்.

முத்தாத்தாள் அசையவில்லை.

கத்த நினைத்தேன். குரல் வரவில்லை. உடம்பெல்லாம் அசதி... எழுந்திருக்க விடாத அசதி.

"இன்னும் எம்புட்டுதான் நடப்ப? எங்கூட வாரியா?"

"வாரேன்க்கா..."

என் வாய்தான் சொன்னது.

மணிக்கட்டில் ஒரு கை. ஐஸ்.

"ஏட்டி சித்ரா! சித்ரா!"

பெலிக்ஸ் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாருமில்லை. எனக்குப் பத்து நிமிஷம் போலத்தான் இருந்தது. மணி 4.05.

ஊர் திரும்பியபின் மனசு கேட்கவில்லை. தனியாக மடவார் வளாகத்துக்குப் போனேன். பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டினார்கள். கதவைத் திறந்தவர் மகன் சோலைச்சாமி. உள்ளே சுவரில், மாலைக்கு நடுவே, அதே முகம்.

"போன வருசம் அம்மா, மாமா குடும்பத்தோட வெளிநாடு போனாவ. அங்க மியூசியத்துல, பெஞ்சில உக்காந்தபடியே உசுரு போயிருச்சு" என்றார். "அதுக்குச் செத்த முன்னால எனக்குப் போன் பண்ணாவ. பக்கத்துல ராஜபாளையத்துக்காரி ஒருத்தி இருக்கா, பேச்சுத்துணைக்கு ஆளு கெடச்சிருச்சுன்னாவ."

சுவரிலிருந்த முகத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.

"பேரு எதும் சொன்னாவளா?"

"ஜெயசித்ரான்னாவ. அவளும் எங்கூட வாரேன்னுட்டான்னு சொல்லிச் சிரிச்சாவ. அந்த அக்காவ நாங்களும் தேடாத எடமில்ல. ஆமா... நீங்க யாரு?"

வந்த வழியே திரும்பி வந்துவிட்டேன்.

போன வருஷம் எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.