பெண் வீட்டார் கொண்டுவந்த திராட்சை

எனக்கு வேலை தேனிப் பக்கம் ஒரு ஒயின் ஆலையில். செஞ்சியில் எங்கள் சமண வீட்டில் இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. "பழம் செக் பண்ற ஆபீசர்" என்பார் நைனா. அது பொய்யும் இல்லை. லாரியில் வரும் திராட்சைமேல் ஒரு சின்ன மெஷினை வைத்துப் பொத்தானை அமுக்கினால், பழத்துக்குள் போய்த் திரும்பும் ஒளியை வைத்தே சர்க்கரை எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று நொடியில் சொல்லிவிடும். முன்புபோலப் பிழிந்து பார்க்க வேண்டியதில்லை. ஒரு பழம்கூட நசுங்காது. கொல்லாமைக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் ஏது? ஒயின் என் நாக்கில் பட்டதும் கிடையாது.

அவலூர்பேட்டையில் பழக்கடை வைத்திருப்பவரின் மகளை எனக்குப் பேசினார்கள். ஒருமுறைதான் பார்த்தேன். கட்டினால் இவளைத்தான் என்று மனசு அடம்பிடித்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க அவள் அப்பா உறவுக்காரர்களோடு வந்தார், கையில் தன் கடைத் திராட்சையோடு. நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்கு வரும் வழியில் ஒரு தோட்டம் பார்ப்பதற்காக நான் கொண்டுவந்திருந்த மெஷினைப் பையிலிருந்து அவரே எடுத்து நீட்டினார். "காட்டுடா."

காட்டினேன். திரையில் சர்க்கரை வந்தது, புளிப்பு வந்தது. மூன்றாவதாக ஒரு வரி வரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்தால் எவ்வளவு ஆல்கஹால் கிடைக்கும் என்ற கணக்கு அது.

"இன்னா தம்பி, ஆல்கஹால்னு போட்டுருக்குது?" பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "எங்கடைப் பழத்துலயா? காலைலகூட ஒரு கொத்து துன்னனே!"

"கண்ட மருந்தையும் அடிக்கறானுங்க இல்ல, அதான்" என்றார் நைனா சட்டென்று.

என் தலை தப்பியது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்த மனிதர் கடைக்குப் போன் போட்டு, "திராட்சை மொத்தத்தையும் குப்பைல கொட்டிடு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். பழம் என்ன பாவம் செய்தது?

"பழத்துல ஒண்ணும் இல்லீங்க" என்றேன். "நாங்கதான் அத ஆல்கஹாலா ஆக்கறோம்."

"அப்பாடா!" போனை வைத்துவிட்டு நிம்மதியாக ஒரு பழத்தை வாயில் போட்டார். மெல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"நாங்கன்னா யாரு?"

நைனா அவசரமாக இலை போடச் சொன்னார். அதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டுமாம். இருட்டினால் சாப்பிடாத ஜனங்கள்தான் நாங்கள், வாஸ்தவம். ஆனால் அப்போது மணி பன்னிரண்டு.