எட்டுத் துண்டு மூளையும் ஒரு தண்டுவடப் படமும்

பள்ளிக்கூடங்களுக்கு உடற்கூறுப் படமும் பொம்மையும் விற்கிறவனுக்கு உட்கார நேரம் கிடைக்காது. கிடைத்தாலும் உட்கார முடியாது. பையும் கையுமாக ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்று பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் கால் வலி அவர்களுக்குப் புரியும். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மெட்ராஸ் கம்பெனிக்காகத் திருச்சி வட்டாரத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். கண், காது, இதயம் எல்லாம் உண்டு என்றாலும் அதிகம் கேட்டு வாங்கியவை இரண்டுதான். ஒன்று பிளாஸ்டர் மூளை. எட்டுத் துண்டாகக் கழற்றி மாட்டலாம். இன்னொன்று துணி ஒட்டிய தண்டுவடப் படம். சுருட்டிக் குடை மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம்.

இவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனி கொடுத்த நாலு பக்க நோட்டீஸில் இருந்ததுதான். அரைகுறையாகத் தெரிந்துகொண்டவனுக்கு நிம்மதி ஏது? உடம்பில் எங்கே சுருக்கென்றாலும் எந்த நரம்பு என்று தேடுவேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் கால்மேல் கால் போட்டு, முழங்காலுக்குக் கீழே தட்டி, கால் துள்ளுகிறதா என்று பார்த்துக்கொள்வேன். துள்ளும். அடுத்த பஸ் வருவதற்குள் மறுபடியும் சந்தேகம் வந்துவிடும்.

மணப்பாறை பஸ்ஸில்

அன்று மணப்பாறையில் மாட்டுச் சந்தை. பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மாட்டுத் தரகர். திண்டுக்கல் ரோட்டில் டிரைவர் போட்ட பிரேக்கில் என் மடியில் இருந்த பெட்டி திறந்து, மூளை துண்டு துண்டாக உருண்டு ஓடியது. எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். தரகர் மட்டும் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கடைசியாக அடியில் இருக்கும் தண்டுத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இது என்ன என்றார். அதன் கீழ்க்கோடிக்கு முகுளம் என்று பேர், மூச்சும் இதயத் துடிப்பும் அதன் பொறுப்பு, அதற்குக் கீழே தண்டுவடம் ஆரம்பம் என்று நோட்டீஸை அப்படியே ஒப்பித்தேன்.

அவர் என் பிடரியில், மண்டை ஓடு முடிகிற இடத்தில், ஒற்றை விரலை வைத்து இங்கேதானே என்று கேட்டார். லாரியில் ஏற்றும்போது பலகை சரிந்து அந்த இடத்தில் பட்டு, ஒரு நல்ல காளை கண்ணெதிரே விழுந்ததாம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, அடுத்த மூச்சு வரவில்லை. வியாபாரத் தகவல் மாதிரிதான் சொன்னார். நான் மணப்பாறை வரைக்கும் பிடரியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். இறங்கும்போது அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "கையை எடுங்க சார். இத்தனை வருஷமா நீங்க பிடிச்சுக்கிட்டதாலயா அது விழாம நின்னுச்சு?"

இடமா, வலமா

தென்னூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சராக இருந்தவர் ஆரோக்கியமேரி. மூளையை மேஜைமேல் பிரித்து வைத்து, இடது பாதி இடது கையை நடத்துகிறது, வலது பாதி வலது கையை நடத்துகிறது என்று விளக்கினேன். நான் பேசி முடிக்கும்வரை அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நரம்புகள் முகுளத்தில் பெரும்பாலும் பக்கம் மாறிப் போகின்றன, அதனால் இடது மூளைதான் வலது கையை ஆட்டிவைக்கிறது என்றார். நோட்டீஸை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆறு மாதமாக நான்தான் தப்பாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

எத்தனை பிள்ளைகள் பரீட்சையில் இதை எழுதி வைத்திருப்பார்களோ என்று மனசு அடித்துக்கொண்டது. அதுவரை போன பதினொரு பள்ளிக்கூடங்களுக்கும் கார்டு வாங்கி, தவறுக்கு மன்னிப்புக் கேட்டு, சரியானதை எழுதித் தபாலில் போட்டேன். பத்துப் பள்ளிக்கூடங்களிலிருந்து பதிலே இல்லை. ஒரே ஒரு ஹெட்மாஸ்டர் மட்டும் எழுதியிருந்தார்: "தாங்கள் அன்று சொன்னதை இங்கு யாரும் கவனிக்கவில்லை, ஆகவே கவலை வேண்டாம்."

ஸ்ரீரங்கத்தில் கேட்ட பாகம்

ஸ்ரீரங்கத்தில் விஞ்ஞான வாத்தியார் வரதராஜன், ஸ்கூலுக்கு வாங்கிய மூளையை வீட்டுக்கு எடுத்துப் போகப்போவதாகச் சொல்லி, என்னையும் கூட வரச் சொன்னார். அவருடைய அப்பா கோயிலில் கோஷ்டியோடு நின்று ஆழ்வார் பாசுரம் சேவிப்பவர், அதாவது ஓதுபவர். இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட வராது. குடிக்கத் தீர்த்தம் வேண்டும் என்று கேட்க வராது. வாய் திறந்து திறந்து மூடும், கண்ணில் தண்ணீர் வரும்.

நாங்கள் போனபோது வாத்தியார் கட்டிலருகே நின்று ஒரு பாசுரத்தின் முதல் வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, கடைசி வரைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் சேவித்தார். முடிந்ததும் என்ன வேணும்ப்பா என்று மகன் கேட்க, பழையபடி வாய் மட்டும் அசைந்தது. வாத்தியாரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மூளையின் இடது பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். அதில் பேச்சுக்கான இடம் சிவப்புப் புள்ளியாகக் குறித்திருக்கும். வலது பாதியை எடுத்தார், திருப்பினார், சிறுமூளையைக் கழற்றி உள்ளே பார்த்தார். நோட்டீஸை நான் ஏற்கெனவே இரண்டு தடவை புரட்டிவிட்டேன். கடைசியில் என் எதிரே வந்து நின்று சொன்னார்: "பேச்சு இங்கேன்னு போட்டிருக்கேள், சரி. பாசுரம் எங்கே இருக்குன்னு உங்க கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கோ. அந்த வழியா அப்பாவைக் கூப்பிட முடியுமான்னு பார்க்கணும்."

கோடு தாண்டிய நீலம்

திருச்சி ஊருக்குள் ஒரு நர்ஸிங் ஹோமில் இருந்த இளம் டாக்டர் என்னிடம் படம் வாங்குகிறவர். ஒருநாள் நான் போனபோது மேஜைக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். பேர் மைமூன். கணவர் காதர் பெயிண்டர். கட்டடத்துக்கு வர்ணம் அடிக்கும்போது சாரம் முறிந்து விழுந்து, முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. எலும்பு கூடிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எப்போது நடப்பார் என்று அந்த அம்மாள் மூன்று நாளாகக் கேட்கிறார். டாக்டருக்குச் சொல்ல வாய் வரவில்லை. என்னைக் கண்டதும் படத்தை விரிக்கச் சொன்னார். ஜன்னல் கம்பியில் மாட்டினேன்.

எலும்புகளுக்கு உள்ளே சுண்டுவிரல் பருமனுக்கு ஓடுவதுதான் தண்டுவடம், எலும்பு கூடும், அறுந்த தண்டுவடம் மறுபடி ஒட்டாது என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். மைமூன் முறிந்த இடத்தில் விரலை வைத்து, அங்கிருந்து கால்வரைக்கும் கோடு கோடாக இறக்கிப் பார்த்தார். பிறகு விரல் மேலே ஏறியது. கைக்குப் போகிற நரம்பு எங்கே என்று கேட்டார். கழுத்திலேயே பிரிந்துவிடுகிறது, கைக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதையே அவரிடமும் காட்டிச் சொல்லுங்கள் என்றார். படத்தைக் கழற்றி உள்ளே காதரின் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். எனக்கு அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல, காதர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டி ஓரிடத்தைத் தொட்டு, நீலம் கோட்டைத் தாண்டியிருக்கிறது, அச்சுக்காரன் கவனிக்கவில்லை என்றார். படத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

இரண்டு மாதம் அந்த நர்ஸிங் ஹோம் தெருப் பக்கமே போகவில்லை. வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். பிறகு மனசு கேட்காமல், விலாசம் விசாரித்து அவர்கள் வீட்டுக்கே போனேன். காதர் தலையணைகளில் சாய்ந்து, மடிமேல் பலகையைக் குறுக்கே வைத்து, ஒரு டீக்கடைக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்தார். சுவரில் என் படம். கோடு தாண்டிய நீலமெல்லாம் சரிசெய்து, ஒவ்வொரு நரம்புக்கும் புது வர்ணம் கொடுத்திருந்தார். நான் அதையே பார்ப்பதைக் கண்டு மைமூன் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "காலுக்குப் போற நரம்புக்குத்தாங்க முதல்ல வர்ணம் கொடுத்தாங்க."

ஆக, ஊர் ஊராக மூளையைத் தூக்கிக்கொண்டு அலைந்தேனே தவிர, என் மண்டைக்குள் இருப்பதைக் கொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றைக்கூட யாரும் என்னிடம் கேட்கவில்லை.